அதுவோ, வேறொன்றோ

காலை ஆறே முக்கால். கூத்தைப்பார் பெரியகுளம். மார்கழி முடியப்போகிறது. கரை மண் இன்னும் ஈரம்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாயிற்று. குளிர்ச்சி உள்ளங்காலில் தொடங்கி மெல்ல மேலே வருகிறது.

எதுவும் பறக்கவில்லை.

*

கோரைத் தண்டில் ஒரு தட்டான். இரவு உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறது. சிறகு முழுக்கப் பனி. நரம்புகளுக்கு நடுவே உள்ள கட்டங்களில், கட்டத்துக்கு ஒரு துளி.

விரலை அருகே கொண்டுபோனாலும் நகர்வதில்லை. உடம்பு சூடேற வேண்டும். அதுவரை முடியாது.

வெயில் கோரையின் நுனியைத் தொட்டுவிட்டது. அங்கிருந்து இறங்கி வருகிறது. தட்டானின் தலைக்கு இன்னும் ஒரு சாண்.

காத்திருப்பு. அதற்கும், இங்கே நிற்கும் உடம்புக்கும்.

*

நோட்டில் தலைப்பு மட்டும் எழுதியிருக்கிறது. தேதி. இடம். மேகம்: இல்லை. காற்று: கோரை நுனி அசையும் அளவு. தண்ணீர்: மூன்றாம் படி வரை.

எண்ணிக்கைக் கட்டங்கள் காலி.

அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு நிம்மதி.

*

முறை எளிது. மதகிலிருந்து புளியமரம் வரை முந்நூறு தப்படி. இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் புல். மெதுவாக நடக்க வேண்டும். கண்ணுக்குப் பட்டதை எழுத வேண்டும். தாண்டிப் போனதைத் திரும்ப எண்ணக் கூடாது.

வலை இல்லை. பிடிப்பதில்லை.

முந்நூறு தப்படிக்கு ஒரு மணி நேரம். சில நாள் ஒன்றரை.

*

வெயில் தட்டானின் தலையில். பிறகு முதுகில்.

சிறகு ஒருமுறை நடுங்குகிறது. துளிகள் சிதறுகின்றன. மறுபடி நடுங்குகிறது. கிளம்பப் போவதுபோல் இருக்கிறது. கிளம்பவில்லை.

நாணலுக்குள் தாழைக்கோழி ஒன்று கூப்பிடுகிறது. பார்வை அந்தப் பக்கம் போய்த் திரும்புகிறது.

தண்டு மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது.

*

முதல் கோடு. தாளில் பென்சில் உரசும் சத்தம் கேட்கிறது.

*

தும்பி என்றும் சொல்கிறோம், தட்டான் என்றும் சொல்கிறோம். சங்கப் பாட்டில் வரும் தும்பி வண்டினம். பூவில் தேன் தேடுவது. அந்தப் பெயர் எப்போது பூவை விட்டுத் தண்ணீருக்கு வந்தது.

தட்டான் என்றால் பொன் தட்டுகிறவரும்தான். வாலால் நீரைத் தட்டித் தட்டி இது முட்டையிடுவதைப் பார்க்கும்போது, பெயர் இங்கிருந்து பிறந்ததோ என்று தோன்றுகிறது. தோன்றுகிறது, அவ்வளவுதான்.

ஒல்லியாக இருப்பது ஊசித்தட்டான். உட்கார்ந்ததும் சிறகை முதுகின் மேல் சேர்த்து மடித்துக்கொள்கிறது. பெரியது விரித்தபடியே இருக்கிறது.

*

மஞ்சள் ஊசித்தட்டான். புல்லுக்குள். மார்பு மங்கிய பச்சை, வால் மஞ்சள். ஈர்க்குச்சி அளவுகூடத் தடிமன் இல்லை.

செரியாக்ரியான் கோரமண்டலியானம். 1798-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரிசியஸ் வைத்த பெயர். கோரமண்டல் என்பது சோழமண்டலம்.

சோழமண்டலத்து ஊசி. உட்கார்ந்த புல்லை அது வளைக்கக்கூட இல்லை.

*

ஆடு மேய்க்கும் ஆயா நின்று பார்க்கிறார்.

"என்ன தம்பி, எதையாச்சும் தொலைச்சுட்டியா?"

"இல்ல ஆயா. தட்டான் எண்ணுறேன்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. குளத்தைப் பார்க்கிறார்.

"அந்தப் பக்கம் மடைகிட்ட செவப்பா நெறய கெடக்கு."

ஆடுகள் நகர்கின்றன. கழுத்து மணி தூரமாகிறது.

*

மடைக்கருகே சிவப்பு. பழுத்த மிளகாயின் சிவப்பு. குரோக்கோதெமிஸ் செர்விலியா. ஆண்தான் இந்த நிறம். பெண் காய்ந்த புல்லின் நிறத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது.

பதினொன்று. ஒன்று எழுந்து இன்னொன்றைத் துரத்துகிறது. இரண்டும் சுழன்று மேலே போகின்றன. இறங்கும்போது எது எங்கே இருந்தது என்பது போய்விட்டது. மறுபடி எண்ண, பன்னிரண்டு. மறுபடி, பத்து.

ஆயா சொன்னதுதான் சரி. நிறைய.

*

கோரைத் தண்டில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, ஒரு வெற்றுக்கூடு.

ஆறு கால்களும் தண்டைப் பற்றியபடி இருக்கின்றன. முதுகில் பிளவு. பிளவின் வழியே நாலைந்து வெள்ளை நூல்கள் தொங்குகின்றன. அவை மூச்சுக் குழல்களின் உட்தோல். மேல் தோலோடு அதையும் உரித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. கண் இருந்த இடம் மெல்லிய கண்ணாடி. முகத்துக்கு அடியில் மடித்து வைத்த தாடை. நீருக்குள் இரை தெரிந்ததும் கைபோல நீண்டு பிடித்த தாடை. இப்போது மடிந்தே இருக்கிறது.

உள்ளங்கையில் வைத்தால் எடை தெரியவில்லை. மூச்சுப் பட்டு நகர்கிறது. மூச்சை அடக்க வேண்டியிருக்கிறது.

தீப்பெட்டி. பஞ்சு. தேதி.

*

நீருக்குள் இருக்கும் காலம்தான் நீண்டது. சில வகைக்கு ஒன்றரை மாதம், சில வகைக்கு ஆண்டுக்கணக்கு. மேலே பறப்பது பெரும்பாலும் சில வாரம்.

கீழே இருப்பதற்குக் கரையில் யாரும் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. புத்தகம் இளவுயிரி என்கிறது.

அது பின்புறத்தால் மூச்சு விடுகிறது. குடலின் கடைசி அறையில் செவுள். தண்ணீரை உள்ளே இழுத்து, வெளியே விடுகிறது. பயந்தால் அதே தண்ணீரைப் பீய்ச்சி முன்னால் பாய்கிறது. மூச்சும் ஓட்டமும் ஒரே வாசல் வழியாக. ஊசித்தட்டானின் இளவுயிரிக்கு மட்டும் வால் நுனியில் இலைபோல மூன்று செவுள்.

கொசுப்புழு அதன் சாப்பாடு. இன்னும் சிறியவை எல்லாமும். வளர்ந்த பின் தலைப்பிரட்டையும்.

குளத்தின் மேல் ஒரு சலனமும் இல்லை.

*

ஒரு நாள் விடிவதற்கு முன். டார்ச்சின் முகத்தில் சிவப்புத் தாள் சுற்றியிருக்கிறது.

தண்டில் ஒன்று ஏறி நிற்கிறது. நனைந்த கறுப்பு. வெகுநேரம் அசைவில்லை.

முதுகு வெடிக்கிறது. சத்தம் இல்லை. வெளிர்பச்சையாக ஒரு தோள் வருகிறது. தலை வருகிறது. கால்கள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வருகின்றன. பிறகு பாதி உடம்பு கூட்டுக்குள் இருக்க, தலைகீழாகப் பின்பக்கம் தொங்குகிறது. செத்ததுபோல். கால்கள் இறுக வேண்டும், அதற்குத்தான் இந்தத் தொங்கல் என்று தெரியும். தெரிந்தும் நெஞ்சு கொஞ்சம் அடித்துக்கொள்கிறது.

சட்டென்று எழும்பித் தன் பழைய தலையையே பற்றிக்கொள்கிறது. வாலை இழுத்துக்கொள்கிறது.

சிறகுகள் கசங்கிய ஈரத் துணி. நீள்வது தெரிவதில்லை. நீண்டிருப்பதுதான் தெரிகிறது.

கணுக்காலில் கொசு. விரட்டத் தோன்றவில்லை.

கிழக்கு வெளுக்கிறது. சிறகின் பால்வெள்ளை தெளிந்து கண்ணாடி ஆகிறது. மடித்திருந்தது திறக்கிறது. ஒரு நடுக்கம்.

முதல் பறத்தல் தண்ணீரை விட்டு விலகித்தான். புல்லுக்கு மேலே, தடுமாறி, கொஞ்சம் உயர்ந்து.

மின்கம்பியில் கரிச்சான் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருக்கிறது.

*

அன்றைய பக்கத்தில் கூடு ஒன்று என்று மட்டும் இருக்கிறது.

*

எறும்பீஸ்வரர் மலை. அறுபது அடி உயரம். கற்படிகள். ஆதித்த சோழன் காலத்துக் கற்றளி. தேவர்கள் எறும்பாகி ஏறி வழிபட்டதாகத் தலபுராணம். எறும்புகள் ஏற வாகாக இறைவன் சற்றுச் சாய்ந்து கொடுத்தாராம். புற்று மண் லிங்கம். இன்றும் சாய்ந்தே இருக்கிறது.

வெளியே, பாறையில் ஒன்றும் இல்லை.

இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க, பாறைக்குக் கண் இருக்கிறது.

பிராடினோபைகா ஜெமினேட்டா. சாம்பல், கறுப்பு, வெண்பொட்டு. கருங்கல்லில் என்னென்ன நிறமோ அத்தனையும். சிறகைக் கல்லோடு ஒட்டி, செங்குத்தான முகத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதைக் கருங்கல் பேய் என்கிறார்கள். பேய் என்று சொல்ல மனம் வரவில்லை. பாறைக் குழியில் தேங்கிய மழைநீரும் சிமெண்டுத் தொட்டியும் போதும் இதற்கு.

மூன்று என்று எழுதியாயிற்று. படி இறங்கும்போது, கடந்து வந்த பாறையிலிருந்து இரண்டு எழுகின்றன.

*

மலை மேலிருந்து. மேற்கே மலைக்கோட்டை, விரல் நகம் அளவு. தெற்கே 1965 முதல் இயங்கும் பெல் ஆலையின் கூரைகள். தஞ்சாவூர் ரயில் திருவெறும்பூரைத் தாண்டிப் போகிறது. வீடுகள், வீடுகள், இடையில் பச்சை.

பச்சைக்கு நடுவே அங்கங்கே ஒரு பளிச்சிடல். அது தண்ணீர்.

பறப்பவற்றுக்கும் இப்படித்தான் தெரியும்போல.

*

படியில் ஒரு சிறகு. தனியாக.

எறும்புகள் ஐந்தாறு. தூக்கிக்கொண்டு மேலே போகின்றன. காற்று வந்தால் சிறகு பாய்மரமாகிறது, எறும்புகளும் சேர்ந்து சாய்கின்றன. காற்று நின்றதும் மறுபடி ஏற்றம்.

சிறகின் நுனியருகே கறுப்பாக ஒரு பொட்டு. அந்தச் சிறு கனம்தான் பறக்கையில் சிறகைப் படபடக்க விடாமல் பிடிக்கிறது. எறும்புகளுக்கு இப்போது அந்த முனைதான் பாரம். அங்கே மூன்று சேர்ந்து பிடித்திருக்கின்றன.

அடுத்த படியின் முகம். நேர்க்குத்து.

அர்ச்சனைத் தட்டோடு ஒரு குடும்பம் ஏறி வருகிறது. ஒதுங்க வேண்டியிருக்கிறது. பட்டுப் புடவையின் சரசரப்பு. மல்லிகை வாசனை. ஒரு குழந்தை படியை எண்ணிக்கொண்டே ஏறுகிறது, பதினேழுக்குப் பிறகு பத்தொன்பது.

திரும்பிப் பார்க்கையில் சிறகு இல்லை. எந்த இடுக்கு என்று தெரியவில்லை.

*

உய்யக்கொண்டான். ராஜராஜன் காலத்து வாய்க்கால். பேட்டவாய்த்தலையில் காவிரியை விட்டுப் பிரிகிறது. திருச்சி நகரத்தின் நடுவே வருகிறது. வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. ஆயிரம் ஆண்டாக வயலுக்குப் போகும் தண்ணீர். வழியில் நகரத்தின் கழிவையும் சுமந்து வருகிறது.

இங்கே அதன் நிறம் பால் குறைந்த காப்பி. மூக்கு முதலில் சுருங்குகிறது. கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுகிறது.

இங்கும் தட்டான் உண்டு. ஒரே வகை. பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா. பெயரிலேயே கறை. அழுக்கு நீரைத் தாங்கிக்கொள்ளும் இனம். ஆணின் சிறகில் ஆரஞ்சு பூசியிருக்கிறது. அறுபது. எழுபது. எண்பதுக்கு மேல் கோடு போடவில்லை.

பெரியகுளத்தில் அதே முந்நூறு தப்படியில் பதினைந்து வகை. இங்கே ஒன்று. நோட்டில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கம். மொத்த எண்ணிக்கை மட்டும் பார்த்தால் இந்தப் பக்கம்தான் கூடுதல்.

ஒன்று வந்து முழங்காலில் உட்காருகிறது. வெயில் சிறகைத் துளைத்து வேட்டியில் விழுகிறது. தேன் நிறத்தில் ஒரு நிழல்.

வருத்தம் வருகிறது. அந்த நிழல் அழகாக இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, கொஞ்ச நேரம்.

*

2021 டிசம்பர். உலகத் தட்டான்களை முழுதாக மதிப்பிட்டு, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். வெளியிட்ட கணக்கு. 6016 வகைகள். அவற்றில் 16 விழுக்காடு அழியும் ஆபத்தில். சதுப்பும் நன்னீரும் மறைவதே முதல் காரணம்.

எண்களை எழுதிவிட்டுப் பென்சில் நிற்கிறது.

கோரைக்குள் ஏதோ விழுகிறது. தவளையாக இருக்கலாம். வட்டங்கள் கரை வரை வந்து ஓய்கின்றன.

*

எஃப்.சி. ஃப்ரேசர். ராணுவ மருத்துவர். இந்தியத் தட்டான்களுக்கு மூன்று தொகுதி எழுதினார். 1933, 1934, 1936. சந்தேகம் வந்தால் இன்றும் அவரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. சிறகு நரம்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அவசரமே இல்லை.

நோயாளிகள் போன பிறகு, எந்தக் குளக்கரையில், எந்த வெயிலில் நின்றாரோ.

அவர் பார்த்த தட்டான்கள் இல்லை. அவர் எழுதிய நரம்பு இதோ, இந்தச் சிறகில், அதே இடத்தில்.

*

நண்பகல். தட்டான் வாலைச் சூரியனுக்கு நேராகத் தூக்கி நிற்கிறது. தலைகீழ் ஆசனம்போல. வெயில் படும் இடத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதன் நிழல் ஒரு புள்ளி.

இங்கே நிற்கும் ஆளின் நிழலும் காலடியில் சுருண்டு கிடக்கிறது.

பாட்டில் தண்ணீர் சூடு. குடிக்கையில் தொண்டை வழியே அது போகும் பாதை தெரிகிறது.

*

அல்லித் தண்டில் மஞ்சள் ஊசிகள். சோடியாக.

பெண் தண்டுக்குள் முட்டையைச் செருகுகிறது. ஒன்று. சற்று இறங்கி இன்னொன்று. ஆண் வால் நுனியால் அதன் கழுத்தைப் பற்றியபடி, காலை எங்கும் ஊன்றாமல், நேராக நிற்கிறது. நட்டுவைத்த சிறு கம்பம். பெண் இறங்க இறங்க அதுவும் இறங்குகிறது. பெண்ணின் வயிறு நீருக்குள் போகிறது. கம்பம் அசையவில்லை.

அடுத்த தண்டில் இன்னொரு கம்பம். அதற்கடுத்து இரண்டு.

மஞ்சள் கம்பங்களின் நிழல் தண்ணீரில் நெளிகிறது.

*

ஒரு மஞ்சள் ஊசி புல்லிலிருந்து கிளம்புகிறது. பச்சையும் கறுப்புமாக ஒன்று கீழே வந்து போகிறது. இப்போது ஊசி இல்லை.

ஆர்த்தெட்ரம் சபீனா. தட்டானையே தின்னும் தட்டான். வரப்பில் உட்கார்ந்து மெல்கிறது. தாடை பக்கவாட்டில் அசைகிறது. கவனித்தால் மெல்லும் சத்தம்கூடக் கேட்பதுபோல் இருக்கிறது. சிறகுகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுகின்றன. நான்கு.

மஞ்சளை முன்பே எண்ணியிருந்தது. அழிக்கவில்லை.

*

கை நினைவில் வைத்திருக்கும் ஒன்று. எட்டு வயது. அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த நூல். வாலில் முடிச்சு. சின்னக் கல்லைத் தூக்க வைக்கும் விளையாட்டு. தூக்கும். இன்னும் கொஞ்சம் பெரிய கல். தூக்கும். பிறகு தூக்காது.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அந்தத் துடிப்பு.

இப்போதும் அங்கேதான் இருக்கிறது. பென்சில் பிடிக்கும் அதே இரண்டு விரல்.

*

குளத்தின் நடுவே பட்டுப்போன கருவேலங்குச்சி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நுனியில் பெரிய தட்டான். கறுப்பில் மஞ்சள் பட்டைகள். வால் நுனி அகன்று, கதைபோல. இக்டினோகாம்பஸ் ராபாக்ஸ்.

எழுகிறது. குளத்தைச் சுற்றுகிறது. அதே நுனிக்கு வருகிறது. எழுகிறது. அதே நுனி.

போன வாரமும் இதே குச்சி. அதற்கு முந்தின வாரமும். பக்கத்தில் குச்சிகள் காலியாக இருக்கின்றன.

அதேதானோ. முதல் வாரத்தது போய், வேறொன்று வந்து அமர்ந்ததோ.

நோட்டில் மூன்று வாரமும் 1 என்று இருக்கிறது. ஒன்றின் கீழ் ஒன்று. ஒன்று.

*

ஸ்ரீரங்கம் மேலூர். 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. குழந்தைகள் பட்டாம்பூச்சியைத் துரத்தி ஓடுகிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே ஒரு தட்டான் காற்றில் அப்படியே நிற்கிறது.

யாரும் நிமிரவில்லை. அது பின்னோக்கி நகர்ந்து, மறுபடி நிற்கிறது.

*

முப்பது கோடி ஆண்டுக்கு முந்தைய கல்லில் தட்டானின் மூத்த உறவு பதிந்திருக்கிறது. மெகானியூரா. சிறகு விரித்தால் இரண்டடிக்கு மேல். அப்போது பறவை இல்லை. பூ இல்லை. பெயர் சொல்ல வாய் இல்லை.

காதருகே ஒன்று கடந்து போகிறது. காய்ந்த தாளைத் திருப்பும் சத்தம்.

*

சித்திரை. பெரியகுளம் உள்வாங்குகிறது. சேறு வெடித்துக் கட்டங்களாகிறது. நடுவில் தேங்கிய வட்டத்தைச் சுற்றிக் கொக்குகள், மடையான்கள். கருவேலங்குச்சி இப்போது தரையில் நிற்கிறது. நுனியில் எதுவும் இல்லை.

எண்ணிக்கை: நான்கு. அடுத்த வாரம் இரண்டு. அடுத்த வாரம்,

பூஜ்யத்தையும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் பார்க்கவில்லை என்று ஆகிவிடும்.

பென்சில் ஒரு வட்டம் போடுகிறது. வட்டத்துக்குள் தாளின் வெள்ளை.

*

அன்றும் முந்நூறு தப்படி. புளியமரம் வரை. நிழலில் உட்கார்ந்திருப்பது. பிசின்போல வியர்வை. குயில் ஒன்று ஏறிக்கொண்டே போய், உச்சியில் நிறுத்திவிடுகிறது.

*

மேட்டூரில் வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அங்கிருந்து பேட்டவாய்த்தலை வர, வாய்க்காலில் புக, கடைமடைக்கு எட்ட நாளாகும்.

வாழவந்தான்கோட்டை. வெடித்த மண்ணில் தண்ணீர் நாக்கு நீட்டி வருகிறது. முன்னால் நுரை, சருகு, எறும்பு ஏறிய ஒரு தேங்காய் மட்டை. ஒவ்வொரு வெடிப்பாக நிரப்பி, நின்று, பிறகு அடுத்தது. மண் குடிக்கும் சத்தம்.

இரண்டாம் நாள் முதல் தட்டான்.

எங்கிருந்து.

*

நீர் ஒளியை ஒருவகையாகத் திருப்பி அனுப்புகிறது. அந்த ஒளியைத் தட்டானின் கண் அடையாளம் காண்கிறது. சில நேரம் மினுங்கும் வேறு பரப்புகளும் அதே ஒளியை அனுப்புகின்றன.

தஞ்சாவூர் சாலை ஓரம். புளியமர வரிசை இருந்த இடத்தில் வெயில். சிவப்பு வாடகைக் கார் ஒன்று நிற்கிறது. அதன் கூரையை ஒரு தட்டான் வாலால் தட்டுகிறது. முட்டை. நகர்ந்து, தட்டுகிறது. முட்டை.

ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்துத் தூங்குகிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது.

எழுப்பிச் சொல்ல ஒன்றுமில்லை. நிழல் விழட்டும் என்று கொஞ்ச நேரம் காரை ஒட்டி நிற்பது. தட்டான் மறுபக்கம் போய்த் தட்டுகிறது.

*

புரட்டாசி. வயல் மேல், பள்ளி மைதானத்தின் மேல், பெல் குடியிருப்பின் நீண்ட சாலைகளின் மேல், மங்கிய மஞ்சளில் ஒரு கூட்டம். உட்காருவதே இல்லை.

தாழப் பறந்தால் மழை என்பார் அம்மாச்சி. சொல்லிவிட்டுக் கொடியில் கிடக்கும் துணியை எடுக்கப் போவார்.

பாண்டாலா ஃப்ளாவெசென்ஸ். மாலத்தீவில் இருந்து பார்த்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009-ல் எழுதினார். அக்டோபரில் இவை அந்தத் தீவுகளுக்குக் கூட்டமாக வருகின்றன. முட்டையிட நன்னீர் அரிதான தீவுகள். தங்க வரவில்லை. வடகிழக்கிலிருந்து வீசும் காற்றோடு இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா போகின்றன. அங்கே மழை. மழைநீர்க் குட்டைகள். அதில் பிறந்தவை அடுத்த மழைக்கு. போய் வரும் வட்டம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் என்பது அவர் கணிப்பு. நான்கு தலைமுறையில் முடிகிற வட்டம்.

போனது திரும்புவதில்லை. வந்தது போனதில்லை.

*

மைதானத்தில் நின்று அண்ணாந்து பார்க்க, கழுத்து வலிக்கிறது. எண்ணும் கட்டத்தில் "கூட்டம்" என்று எழுதியிருக்கிறது.

இவற்றில் எது இந்த மண்ணில் பிறந்தது. எது வெறுமனே கடந்துகொண்டிருக்கிறது.

மாலை மணி அடிக்கிறது. பிள்ளைகள் கூட்டத்தின் அடியில் புகுந்து ஓடுகிறார்கள். தட்டான்கள் ஒரு முழம் உயர்கின்றன. பிள்ளைகள் போனதும் ஒரு முழம் இறங்குகின்றன.

*

ஐப்பசி. மழை.

மழை.

மழை.

நோட்டில் மூன்று நாளும் அந்த ஒரு சொல்தான். ஓட்டிலிருந்து சொட்டும் நீர் வாளியில் விழுகிறது. வாளி நிறைய நிறையச் சத்தம் மாறுகிறது.

இலைக்கு அடியில் எங்கோ தொங்கிக்கொண்டிருக்கும். சிறகை விரித்தபடியோ, மடித்தபடியோ.

*

நான்காம் நாள் மாலை மழை விடுகிறது. பெரியகுளம் கலிங்கு வரை வந்துவிட்டது. நீர் மட்டத்துக்கு மேலே கருவேலங்குச்சி நாலு விரல்தான் தெரிகிறது.

நுனியில் கறுப்பு மஞ்சள்.

1.

*

ஆடு மேய்க்கும் ஆயா. தலையில் சாக்கு.

"இன்னும் எண்ணி முடியலையா தம்பி?"

"இல்ல ஆயா."

"அது எங்க முடியப்போவுது." ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறார். ஈர மண்ணில் குளம்புத் தடங்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வானம்.

*

ஆறு மணிக்குச் சற்று முன். சிவப்புகள் போய்விட்டன. மஞ்சள் ஊசிகள் புல்லுக்குள் இறங்கிவிட்டன. கொசுக்கள் மேலே வருகின்றன.

இந்த நேரத்துக்கென்று ஒன்று உண்டு. தோலிமிஸ் டில்லார்கா. பகலெல்லாம் புதரில் இருந்துவிட்டு, வெளிச்சம் போகையில் வருகிறது. ஆணின் பின்சிறகில் பழுப்புத் திட்டு, அதை ஒட்டி ஒரு வெள்ளை. உடம்பு தெரிவதில்லை. வெள்ளை மட்டும் நீருக்கு மேல் ஓடுகிறது. விட்டு விட்டு.

கோரையிலிருந்து மதகுக்கு. மதகிலிருந்து கோரைக்கு.

ஒன்று.

மதகில் தண்ணீர் விழும் சத்தம். நோட்டில் எழுத்து தெரியவில்லை. விரலால் கட்டத்தைத் தடவிக் கோடு போட வேண்டியிருக்கிறது.

மதகருகே வெள்ளை. இரண்டு. அல்லது அதுவே.